முன்பு இருந்தவர்கள் ஏன் போனார்கள்? கேப் டவுனின் பழைய தொழிலாளர் பேட்டையில் வாடகை வீடு

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகிக் கேப் டவுன் வந்து இரண்டு மாதம் ஆகிறது. அலுவலகம் நகர மையத்தில். மனைவியும் நான்கு வயது மகளும் பிப்ரவரியில் வருகிறார்கள். இரண்டு வீடுகள் பார்த்திருக்கிறீர்கள். ஒன்று மேல் வுட்ஸ்டாக்கில், புதிதாக வண்ணம் பூசி, மலை தெரிகிற வீடு, முகவர் காட்டியது. மற்றது சால்ட் ரிவரில் ஒட்டுச் சுவர் வரிசை வீடு. சொந்தக்காரரே காட்டியது, வாடகையும் குறைவு. எதை எடுப்பது, முன்பணம் எவ்வளவு நியாயம், பாதுகாப்பு எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாக, "நம்மைப் போன்றவர்கள் வருவதால்தான் அந்தப் பகுதி மக்கள் வெளியேற்றப்படுகிறார்கள்" என்று சக ஊழியர் ஒருவர் சொன்னது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இந்த இரண்டு பேட்டைகளிலும் மாறிமாறிப் பதினான்கு ஆண்டுகள் வாடகைக்கு இருந்தவன் நான். எனக்குப் பின்னால் வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு வீடு பார்க்கக் கூடவே போயிருக்கிறேன். எல்லாரிடமும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். எந்த வீட்டுக்குப் போனாலும், வாடகையைக் கேட்பதற்கு முன்னால், "இதற்கு முன் இங்கே யார் இருந்தார்கள், ஏன் போனார்கள்?" என்று கேளுங்கள். முகவரிடம் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் கேளுங்கள், பிறகு பக்கத்து வீட்டில் கேளுங்கள். மூன்று பதிலும் ஒன்றாக இருந்தால் நல்ல வீடு. வேறுவேறாக இருந்தால், எங்கே வேறுபடுகிறதோ அங்கேதான் வீட்டின் குறை ஒளிந்திருக்கும். உங்கள் நான்கு கேள்விகளுக்குமான பதில் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால்தான் இது புரியும். வுட்ஸ்டாக்கும் சால்ட் ரிவரும் ரயில்வே பட்டறைக்காரர்களும் தையல் ஆலைத் தொழிலாளர்களும் வாழ்ந்த பேட்டைகள். ஷெல்லி, டென்னிசன் என்று சால்ட் ரிவர்த் தெருக்களுக்கு ஆங்கிலக் கவிஞர்களின் பெயர். அந்தத் தெருக்களில் குடியிருந்தவர்களோ விடியற்காலையில் ஆலைச் சங்குக்கு எழுந்தவர்கள். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரிக்கும் சட்டம் 1950இல் வந்தது. 1966இல் பக்கத்திலிருக்கும் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்டு, 60,000க்கும் மேற்பட்டவர்களின் வீடுகள் இடிக்கப்பட்டு, அவர்கள் தொலைவிலிருக்கும் மணல் சமவெளிக்கு அனுப்பப்பட்டார்கள். வுட்ஸ்டாக்கும் சால்ட் ரிவரும் அந்த இடிப்பிலிருந்து தப்பி, பல இனத்தாரும் கலந்து வாழும் இடங்களாகவே நீடித்தன. 1990களில் மலிவான இறக்குமதித் துணி வந்து தையல் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. பிறகு அதே கட்டடங்கள் அலுவலகங்களாகவும் உணவகங்களாகவும் மாறின. பழைய பிஸ்கட் ஆலை இன்று கடைத்தெரு. நகர மையத்திலிருந்து ஐந்து நிமிடப் பயணம், மலையும் கடலும் தெரியும் இடம். வாடகை ஏறாமல் இருக்குமா?

இந்தப் பின்னணியில் ஒரு வழக்கை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். வுட்ஸ்டாக்கின் பிராம்வெல் தெருவில் சின்னஞ்சிறு வரிசை வீடுகள். தலைமுறைகளாக அங்கே வாடகைக்கு இருந்த குடும்பங்களும் உண்டு. வீடுகள் கைமாறின, புதிய உரிமையாளர் அடுக்ககம் கட்ட விரும்பினார், 2016இல் வெளியேற்ற உத்தரவு வந்தது. மாற்று இடமாக மாநகராட்சி காட்டியது ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு முகாம். பிள்ளைகளின் பள்ளியும் பெரியவர்களின் வேலையும் இங்கே இருக்க அங்கே எப்படிப் போவது என்று அவர்கள் வழக்காடினார்கள். 2024 டிசம்பர் 20 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மாநகராட்சி தன் அவசரக் குடியிருப்புத் திட்டத்தை நடத்திய விதம் அரசியலமைப்புக்கு முரணானது என்றும், வுட்ஸ்டாக்கிலோ சால்ட் ரிவரிலோ நகர மையத்துக்கு அருகிலோ ஆறு மாதத்துக்குள் தற்காலிக வீடு தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. எட்டு ஆண்டுகள் ஆயின அதற்கு.

ஆக, உங்கள் சக ஊழியர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் வாடகைக்கு வரும் ஒரு குடும்பத்தை அதற்குக் குற்றவாளியாக்க நான் ஒப்ப மாட்டேன். எந்த வீட்டுக்கு வருகிறோம் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இருக்கிறது. அதைக் கண்ணைத் திறந்துகொண்டு செய்ய வேண்டும். முந்தைய குடும்பத்தை மின்சாரத்தை வெட்டித் துரத்திவிட்டு வண்ணம் பூசிய வீடு என்று பக்கத்து வீட்டில் தெரியவந்தால், அந்த வீட்டை நான் எடுக்க மாட்டேன். அவர்களுக்குச் செய்ததை உங்களுக்கும் செய்வார்கள் என்பதும் அதில் இருக்கிறது.

அப்படித் துரத்துவது சட்டப்படி செல்லாது என்பதையும் மனத்தில் வையுங்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஒருவரையும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு சொல்கிறது. வாடகை பாக்கி இருந்தாலும் பூட்டை மாற்றவோ தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தவோ வீட்டுக்காரருக்கு அதிகாரம் இல்லை. வெளிநாட்டவர் என்பதால் இந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் குறைந்துவிடாது. நம்மவர்கள் பலர், விசாவில் இருப்பவனுக்கு என்ன உரிமை என்று தாமே நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். அது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

இனி வீட்டுக்கு வருவோம். இப்போது ஜனவரி. கேப் டவுனில் எந்த வீடும் ஜனவரியில் அழகாகத்தான் இருக்கும். இங்கே மழைக்காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. பழைய வரிசை வீடுகள் பலவற்றில் அடித்தளத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படலம் கிடையாது. மண்ணிலிருக்கும் ஈரம் செங்கல் வழியாக மேலேறி இடுப்பு உயரம் வரை ஓதம் காட்டும். எனவே சுவரைக் கண்ணால் பார்த்தால் போதாது, உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஒரு முறை, தோள் உயரத்தில் ஒரு முறை. கீழே சில்லென்றும் மேலே சாதாரணமாகவும் இருந்தால் ஓதம். விரலால் தட்டினால் காரை பொக்கென்று ஒலிக்கும். பலகைத் தரைக்கும் சுவருக்கும் இடையே ஓடும் மரச்சட்டத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் இறங்கினால் மரம் உளுத்திருக்கிறது. அலமாரியைத் திறந்து தலையை உள்ளே விட்டு முகர்ந்து பாருங்கள். வெறும் சுவரில் ஒரே ஒரு பக்கம் மட்டும் புது வண்ணம் என்றால், அந்தப் பக்கம் ஏன் என்று கேளுங்கள். நான்கு வயதுக் குழந்தை அந்த அறையில் தூங்கப் போகிறது. மூச்சு இழுப்பு வந்த பிறகு வாடகை குறைவு என்ற ஆறுதல் உதவாது.

அடுத்தது திசை. நம் ஊரில் வடக்கு பார்த்த வீடு, கிழக்கு பார்த்த வீடு என்று தேடுவோம். தெற்கு வாசலில் தென்றல் வரும் என்போம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே வந்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகும். வடக்கு பார்த்த அறைதான் குளிர்காலத்தில் வெதுவெதுப்பாக இருக்கும். தெற்கு அறை நாள் முழுவதும் நிழலில் கிடந்து பூஞ்சை பிடிக்கும். தெற்கிலிருந்து வருவது தென்றலும் அன்று. கோடையில் தென்கிழக்குக் காற்று டெவில்ஸ் பீக் மலையின் தோளைத் தாண்டி வுட்ஸ்டாக் மீது விழும்போது, குப்பைத் தொட்டி தெருவின் அடுத்த முனைக்குப் போய்விடும். நகரத்தின் புகையைத் துடைப்பதால் அதற்குக் கேப் டாக்டர் என்று செல்லப் பெயர். உங்கள் ஜன்னல் பழைய மரச் சட்டமாக இருந்தால் அந்த டாக்டர் இரவெல்லாம் உங்களைத் தூங்க விட மாட்டார். நீங்கள் பார்த்த மேல் வுட்ஸ்டாக் வீட்டில் மலை தெரிகிறது என்று மகிழ்ந்திருக்கிறீர்கள். மலை அவ்வளவு அருகில் என்றால், வெயில் எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் விழும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். துணி எங்கே காயும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

மின்சாரம் பெரும்பாலும் முன்கட்டண மீட்டரில் வரும். கடையிலோ செல்பேசியிலோ பணம் கட்டினால் 20 இலக்க எண் தருவார்கள். அதை மீட்டரில் அடிக்க வேண்டும். அந்த மீட்டரின் எண்ணைக் கேட்டு, வீட்டுக் கணக்கில் பழைய பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கி இருந்தால் நீங்கள் கட்டும் பணத்தில் ஒரு பங்கு பழைய கடனுக்குப் போகக் கூடும். தண்ணீர்க் கணக்கு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும்; மாதாமாதம் ரசீதின் நகலைக் கேளுங்கள். சொத்துவரி உங்கள் பொறுப்பன்று.

முன்பணத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் அடிபட்டது இதில்தான். பத்து மாத அட்வான்ஸ், காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடித்தம் என்பதெல்லாம் சென்னை வழக்கம். இங்கே வழக்கமாக ஒரு மாதமோ இரண்டு மாதமோ கேட்பார்கள். உள்ளூரில் கடன் வரலாறு இல்லாத புதியவரிடம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பதும் உண்டு. அந்தப் பணத்தை வீட்டுக்காரர் வட்டி தரும் கணக்கில் போட்டுவைக்க வேண்டும், வட்டியும் உங்களுடையது, கேட்டால் சான்று காட்ட வேண்டும் என்கிறது 1999ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டம். குடிபுகுவதற்கு முன் இரு தரப்பும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துக் குறைகளைப் பட்டியலிட்டு ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். ஒப்பந்தம் முடியும்போது, கடைசி மூன்று நாளுக்குள் மறுபடியும் சேர்ந்து பார்க்க வேண்டும். பாக்கி எதுவும் இல்லையென்றால் ஏழு நாளில் முழுப் பணமும் திரும்ப வேண்டும். பழுது கழிக்க வேண்டியிருந்தால் செலவு ரசீதுகளோடு பதினான்கு நாள். நீங்கள் பார்வைக்கு வராமல் தவறினால் இருபத்தொரு நாள்.

இந்தச் சட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த ஒரு வரி உண்டு. வீட்டுக்காரர் உங்களோடு சேர்ந்து வீட்டைப் பார்க்கத் தவறினால், வீடு நல்ல நிலையில் இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டதாகப் பொருள். பழுது என்று சொல்லி அவர் எதையும் பிடிக்க முடியாது. என் முதல் வீட்டில் குடிபுகும் நாளில் முகவர் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு குளிர்காலம் கழித்துக் காலி செய்தபோது, சுவர் ஓதம் நீங்கள் சன்னலைத் திறக்காததால் வந்தது என்று சொல்லி முன்பணத்தில் முக்கால் பங்கைப் பிடித்துக்கொண்டார். நான் விட்டுவிடப் போனேன். அப்போதைய பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற தையல் ஆலைத் தொழிற்சங்கக்காரர், என்னை வாடகைத் தீர்ப்பாயத்துக்கு மனு எழுத வைத்தார். ஒரு காசு கட்டணம் இல்லை. சமரசப் பேச்சின்போது அதிகாரி கேட்ட முதல் கேள்வி, குடிபுகும்போது சேர்ந்து பார்த்த பட்டியல் எங்கே என்பதுதான். பட்டியல் இல்லை. பணம் வட்டியோடு திரும்பியது. எனக்கு முன் அந்த வீட்டில் இருந்தவர்களும் ஓதத்தால்தான் போனார்கள், அவர்களுக்கும் அதே காரணம் சொல்லப்பட்டது என்று பெரியவர் பிறகு சொன்னார். வீடு பார்க்கப் போன அன்றே அவர் கதவைத் தட்டியிருந்தால் எனக்கு அது தெரிந்திருக்கும்.

அதன் பிறகு சால்ட் ரிவரில் நான் குடிபோன வீட்டுக்காரி டர்பனில் பிறந்த தமிழ்ப் பெண்மணி. எல்லாரும் ஆண்ட்டி என்றே அழைப்போம். அவருக்குத் தமிழில் தேவாரம் நான்கு வரியும் சமையல் பெயர்களும்தான் வரும். டர்பன் மாநகராட்சியின் தமிழ்த் தொழிலாளர்கள் வாழ்ந்த மேகசின் பேரக்ஸ் குடியிருப்பில் பிறந்தவர். 1960களில் அது காலி செய்யப்பட்டு மக்கள் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றப்பட்டபோது சிறுமி. வீட்டைக் காட்டும்போது நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்: முன்பு இருந்தது ஒரு ரயில்வேத் தொழிலாளியின் மனைவி, கணவர் இறந்ததும் மகளோடு மிட்செல்ஸ் பிளேனுக்குப் போய்விட்டார். பிறகு பின்னறையின் மூலைச் சுவரில் கையை வைத்து, "இங்கே அலமாரி வைக்காதே, மழைக்காலத்தில் ஈரம் வரும்" என்றார். மாதாமாதம் கார்பன் தாள் வைத்த புத்தகத்தில் ரசீது எழுதிக் கிழித்துக் கொடுப்பார். ரசீது தருவதும் வீட்டுக்காரரின் சட்டக் கடமைதான். அவர் அதைச் சட்டத்துக்காகச் செய்யவில்லை. ஆறு ஆண்டுகள் அங்கே இருந்தேன்.

பாதுகாப்பைப் பற்றி மேலோட்டமாகப் பயமுறுத்துகிறவர்களையும், ஒன்றுமில்லை என்கிறவர்களையும் நம்ப வேண்டாம். இங்கே பகுதியைவிடத் தெருவும், தெருவைவிட முனையும் முக்கியம். வேலை நாள் மாலை ஏழு மணிக்கு ஒரு முறை, ஞாயிறு பிற்பகல் ஒரு முறை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். திண்ணையில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிற, பிள்ளைகள் பந்து விளையாடுகிற தெரு நல்ல தெரு. உயர்ந்த சுவரும் மின்வேலியும் மட்டும் தெரிகிற தெருவில் ஏதாவது நடந்தால் பார்க்க ஆள் இருக்காது. காரைத் தெருவில் நிறுத்த வேண்டியிருந்தால் உள்ளே ஒரு பை கூட வைக்காதீர்கள். ஜன்னல் கம்பிகளும் வாசல் இரும்புக் கதவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். படுக்கையறைக் கம்பிக்கு உள்ளிருந்து திறக்கும் வழி இருக்கிறதா என்றும் பாருங்கள், தீப்பிடித்தால் அதுதான் உயிர். வேலைக்கு விக்டோரியா சாலைக்கு இறங்கினால் சிற்றுந்துகளில் "வைன்பெர்க்! வைன்பெர்க்!" என்று கூவிக்கொண்டு போவார்கள், எதிர்த் திசையில் ஏறினால் நகர மையம்.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை மட்டும் விரலை வைத்துப் படியுங்கள். ஆண்டு உயர்வு எத்தனை விழுக்காடு? உதாரணத்துக்கு 14,000 ராண்ட் வாடகைக்கு 8 விழுக்காடு என்றால் இரண்டாம் ஆண்டு 15,120, மூன்றாம் ஆண்டு 16,330 ஆகிவிடும். முன்பு இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்பதற்குப் பல வீடுகளில் இந்தப் பெருக்கல்தான் விடை. இரண்டாவது, ஒப்பந்தத்தின் நடுவில் காலி செய்வது. வாடகைக்கு விடுவதையே தொழிலாகச் செய்கிறவரிடம் எடுத்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 20 வேலை நாள் முன்னறிவிப்போடு நீங்கள் விலகலாம். நியாயமான இழப்பீடு மட்டும் கேட்பார்கள். ஒப்பந்தக் காலத்தை விசாக் காலத்தைத் தாண்டி நீட்டாதீர்கள். மூன்றாவது, வீடு விற்கப்பட்டால் ஒப்பந்தம் முடியும் என்று ஒரு வரி நுழைந்திருக்கிறதா என்பது. வாடகை விற்பனைக்கு முந்தும் என்பது டச்சுக்காரர்கள் காலத்திலிருந்து இந்நாட்டுச் சட்டத்தில் ஊறிய விதி. வாங்குபவர் உங்கள் ஒப்பந்தத்தை மதித்தாக வேண்டும். அதைப் பறிக்கும் வரியை நீக்கச் சொல்லுங்கள். வீடுகள் நாள்தோறும் கைமாறும் பேட்டையில் இது சின்ன விஷயம் அன்று. முகவர் என்றால் அவருடைய காலாவதியாகாத உரிமச் சான்றிதழைக் கேளுங்கள், வீட்டின் குறைகளை வெளிப்படுத்தும் படிவத்தையும் கேளுங்கள். 2022 முதல் அது கட்டாயம். வீட்டுக்குள் நுழைந்து பார்ப்பதற்கு முன்னால் பணம் அனுப்பச் சொல்பவர் யாராக இருந்தாலும் பேச்சை அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கோயில், மளிகை பற்றியும் உங்கள் மனைவி கேட்பார். சிவாலயமும் இந்தியக் கடைகளும் ரைலண்ட்ஸ் பக்கம் இருக்கின்றன, காரில் போகும் தூரம். மசாலாவுக்குப் போ-காப்பில் அட்லஸ் கடை பக்கத்திலேயே இருக்கிறது.

இரண்டு வீட்டில் எது என்றால், நான் சால்ட் ரிவர் பக்கம்தான் சாய்கிறேன், சொந்தக்காரர் எழுத்தில் ஒப்பந்தம் தரச் சம்மதித்தால். வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் இங்கே செல்லும்; ஆனால் நீங்கள் கேட்டால் எழுதித் தர வேண்டியது அவர் கடமை. மேல் வுட்ஸ்டாக் வீட்டை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. அந்தப் புது வண்ணத்துக்கு அடியில் என்ன என்று தெரியும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்கு நேரம் இருக்கிறது. டார்ச் விளக்கு நான் கொண்டுவருகிறேன். நீங்கள் செல்பேசியில் மின்னூட்டம் நிறைத்துக்கொண்டு வாருங்கள், ஒவ்வொரு சுவரையும் படமெடுக்க வேண்டியிருக்கும். இரண்டு வீட்டுக்கும் பக்கத்துக் கதவைத் தட்டிவிட்டுப் பிறகு உள்ளே போவோம்.